மக்கள் என்றால் மகன் மட்டுந்தானா?

பிள்ளை பெறுவது எதற்காக? இந்த வினாவை நம் வீடுகளில் எவரும் எழுப்புவதில்லை. யாரேனும் எழுப்பிவிட்டால் விடைகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கின்றன. கொள்ளி வைக்க ஒருவன் வேண்டாமா என்கிறார் தாத்தா. குலம் விளங்க வேண்டாமா என்கிறார் பெரியப்பா. கடைசிக் காலத்தில் ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டாமா என்கிறார் பாட்டி. பாவம், பாட்டி கேட்பதிலாவது பசி என்ற உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று விடைகளையும் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! கொள்ளி இருக்கிறது, குலம் இருக்கிறது, கஞ்சி இருக்கிறது. பிறக்கப்போகும் அந்த உயிருக்கு என்ன வேண்டும் என்ற எண்ணம் மட்டும் எதிலும் இல்லை.

வடமொழியாளர் இதற்கு ஒரு சொல்லிலக்கணமே வகுத்து வைத்திருக்கின்றனர். 'புத்' என்றொரு நரகமாம். அதினின்றும் தந்தையைக் காப்பாற்றுவதால் மகனுக்குப் 'புத்திரன்' என்று பெயராம். மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம் இதனைச் சொல்கிறது. அந்த நரகத்தைக் கண்டு திரும்பியவர் எவருமில்லை. ஆயினும் அதற்கு அஞ்சியும், சொத்துக்கு அஞ்சியும், சீர்வரிசைக்கு அஞ்சியும் இம்மண்ணில் எத்தனை பெண்மகவுகளின் வாயில் கள்ளிப்பாலும் நெல்மணியும் இடப்பட்டன!

தமிழனிடம் இதற்கு மாற்று இல்லையா என்று கேட்போர்க்கு நாம் உடனே குறளை எடுத்து நீட்டுகிறோம். நானும் அப்படித்தான் நீட்டினேன். நீட்டிய கையோடு ஒரு சிறுமியிடம் அகப்பட்டுக் கொண்டேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை இலக்கிய மன்றக் கூட்டம். குறளின் ஏழாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, பரிமேலழகர் உரையையும் உடன் படித்துக் காட்டினேன். கல்லூரியில் அவ்வுரையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பெருமிதம் இன்னும் வடியவில்லை. மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய், அவனை ஈன்ற பொழுதினும் மிக மகிழ்வாள் என்பது குறள். அதில் வரும் 'கேட்ட' என்ற சொல்லுக்கு உரைகாரர் ஒரு காரணம் கற்பிக்கிறார். பெண்ணின் இயல்பு காரணமாக அவளால் தானாக அறிந்துகொள்ள முடியாதாம். ஆகவே அறிவுடையார் சொல்லக் கேட்டுத்தான் மகனது சால்பை அவள் தெரிந்துகொள்கிறாளாம். படித்துக்கொண்டே போனேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்க அம்மாவுக்குத் தானாகத் தெரியாதா? எனக்குக் கணக்கு வருமா வராதா என்று வீட்டில் அம்மாவுக்குத்தானே தெரியும்? அப்பாவுக்கு நான் எத்தனையாவது படிக்கிறேன் என்பதே தெரியாதே!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துத் தப்பித்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. மூன்றாண்டுக் காலம் கல்லூரியில் படித்தபோது எனக்குத் தோன்றாத ஐயம் அவளுக்கு மூன்று நிமிடத்தில் தோன்றியது. தேர்வில் கேட்டால் எழுதவேண்டிய விடை என்ற அளவிலேயே அவ்வுரை எனக்குப் பழகியிருந்தது. ஒரு தாயைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல்லாக அது என் செவியில் விழவே இல்லை.

அன்றிரவு அந்த அதிகாரத்தை மீண்டும் எடுத்தேன். இம்முறை குறளை ஒரு பக்கமும் உரையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு படித்தேன்.

முதற்கண் அதிகாரத்தின் பெயரைக் கவனியுங்கள். கிடைத்துள்ள உரைகளுள் பழமையானது மணக்குடவருடையது. அதில் இவ்வதிகாரத்தின் பெயர் 'மக்கட்பேறு'. அவருக்குப் பின்னே, 13ஆம் நூற்றாண்டில் வந்த பரிமேலழகரிடத்தில் இதுவே 'புதல்வரைப் பெறுதல்' ஆகிவிடுகிறது. மக்கள் போய்ப் புதல்வர் வந்துவிட்டனர். தலைப்பில் தொடங்கிய இந்த மாற்றம் அங்கேயே நிற்கவில்லை. அதிகாரத்தின் முன்னுரையில் அவர் மூன்று கடன்களை எடுத்து வைக்கிறார். முனிவர் கடனைக் கேள்வியாலும், தேவர் கடனை வேள்வியாலும், தென்புலத்தார் கடனைப் புதல்வரைப் பெறுவதாலும் தீர்க்கவேண்டும் என்கிறார். யாருக்கு இந்தக் கடன்கள்? இருபிறப்பாளர் மூவர்க்கு! பூணூல் அணியும் மூன்று வருணத்தார்க்கு! ஏர்பிடித்த உழவனும், தறியிலமர்ந்த நெசவாளியும், தோல் பதனிட்ட தொழிலாளியும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். உலகத்தார் எல்லார்க்குமாக எழுதப்பெற்ற நூலின் ஓர் அதிகாரத்தைத் திறக்கும்போதே, நாட்டில் பெரும்பாலோரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார் உரைகாரர். கடன்காரர் பட்டியலில் நம் பெயர் இல்லையே என்று மகிழலாம் என்றால், குழந்தையைக் கொஞ்சும் உரிமையும் அந்தப் பட்டியலோடு சேர்ந்தல்லவா போகிறது!

இனிக் குறளுக்குள் செல்வோம். பத்துக் குறள்களில் ஏழில் வள்ளுவர் ஆளும் சொல் 'மக்கள்'. மூன்றில் மட்டுமே 'மகன்' வருகிறான். ஏழுக்கு மூன்று என்ற இந்தக் கணக்கைப் போட எந்தப் புலமையும் வேண்டியதில்லை. விரல் இருந்தால் போதும். ஆனால் முதற் குறளிலேயே உரைகாரர் அந்த ஏழையும் மகனாக்கிவிடுகிறார். அறிய வேண்டுவனவற்றை அறியும் மக்கள் என்று வள்ளுவர் சொன்னாரல்லவா? அறிவு என்ற சொல் அங்கே வந்துவிட்டதாம். ஆகையால் 'மக்கள்' என்ற பெயர் பெண்ணை விலக்கி நிற்கிறதாம்! இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டா? மக்கள் என்பது இருபாலார்க்கும் பொதுச்சொல் என்பதைத் தொடக்கப்பள்ளிக் குழந்தையும் அறியும். பொதுச்சொல்லில் ஒரு பாலை விலக்கவேண்டுமானால் அதற்கு அந்தத் தொடரிலேயே ஒரு சான்று இருத்தல் வேண்டும். இங்கே உரைகாரர் காட்டும் ஒரே சான்று, 'அறிவு' என்ற சொல் அருகில் நிற்கிறது என்பதே. அறிவு இருக்குமிடத்தில் பெண் இருக்கமாட்டாள் என்பது அவர் முன்னரே முடிவு செய்துகொண்ட செய்தி. குறளை அந்த முடிவுக்கு அவர் சான்றாக்கிக் கொண்டார்.

இப்போது அந்தச் சிறுமி கேட்ட குறளுக்கு வாருங்கள். மணக்குடவரும் அதே குறளுக்கு உரை எழுதியிருக்கிறார். பெற்ற காலத்தினும் மிக மகிழ்வாள், மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய் என்று நேரே பொருள் சொல்லிப் போகிறார். பெண்ணியல்பு பற்றி அவர் ஒரு சொல்லும் உரைக்கவில்லை. ஆகவே 'கேட்ட' என்ற சொல்லுக்குள் இந்த இழிவு இயல்பாக உறைந்திருந்தது என்று யாரும் வாதிட முடியாது. பின்னால் வந்தவர் கொண்டுவந்து வைத்தது அது. காலத்தின் கோலம் அப்படி என்று சமாதானம் சொல்வார் உண்டு. அவர்க்கு ஒன்று கேட்பேன்: மணக்குடவர் அவருக்கும் முந்திய காலத்தவர் ஆயிற்றே?

உரைகாரரைக் கண்மூடித் தாக்குவது எனக்கு நோக்கமன்று. நேர்மை என்று ஒன்று உண்டு. தந்தை மகனுக்குச் செய்யும் நன்மை, அவனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே என்ற குறளுக்கு அவர் எழுதிய உரையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மகனைக் கல்வியுடையவனாக்குவதே நன்மை. செல்வமுடையவனாக்குவது முதலியவை துன்பம் தருவன, ஆதலின் அவை நன்மை ஆகா என்று எழுதுகிறார். சொத்துச் சேர்த்து வைப்பதே பிள்ளை வளர்ப்பு என்று எண்ணும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த ஓர் இடத்திலேனும் அவரைப் படிக்கலாம். இவ்வளவு தெளிந்த மூளை பெண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் இருண்டு போகிறது? அதுதான் வருணப் பயிற்சியின் விளைவு. அறிவில்லாதவன் எழுதியிருந்தால் நாம் அதனை மறந்திருப்போம். பேரறிஞர் எழுதியதால் எழுநூறு ஆண்டுகளாகப் பாடமாக இருக்கிறது.

வள்ளுவரையும் இத்தராசில் நிறுத்தத்தான் வேண்டும். நமக்கு எந்த நூலும் வேதமன்று. 1949இல் சென்னையில் திருக்குறள் மாநாட்டைக் கூட்டிக் குறளை ஊர்தோறும் எடுத்துச் சென்ற பெரியார்தாம், அதில் பெண்ணைத் தாழ்த்தும் பகுதிகளைக் கண்டித்தும் பேசினார். அந்த உரிமை நமக்கும் உண்டு. அவையில் முந்தியிருக்க வேண்டியவன் மகன். சான்றோன் என்று பெயர் எடுப்பவன் மகன். தந்தைக்கு நற்பெயர் தேடித்தருபவன் மகன். குழந்தை வெளியுலகில் அடியெடுத்து வைக்கும் அந்த மூன்று குறள்களிலேதான் 'மக்கள்' மறைந்து 'மகன்' வந்து நிற்கிறான். மழலை பேசும்வரை இருபாலும் மக்கள். அவைக்குப் போகும்போது மகன் மட்டும் போகிறான். வள்ளுவர் காலத்துக் கதவு அங்கேதான் அடைபட்டிருந்தது போலும். மற்றொரு குறளில் ஏழு பிறப்பைப் பற்றியும் பேசுகிறார். இந்த ஒரு பிறப்புக்கே வழி தெரியாமல் தவிக்கும் நமக்கு மற்ற ஆறும் வேண்டா. ஆனால் இவ்வளவையும் கழித்த பின்னும் அந்த அதிகாரத்தில் மிஞ்சுவது மிகுதி. உரைகாரர் உரையில் இதையே கழித்தால் மிஞ்சுவது குறைவு. வேறுபாடு அங்கே இருக்கிறது.

மிஞ்சுவது என்ன என்பதைச் சொல்லவேண்டும். தம் மக்களே தம் பொருள். அம்மக்களின் பொருளோ அவரவர் வினையால் வரும் என்று ஒரு குறள் சொல்கிறது. இதனைப் பரிமேலழகர் எப்படிப் படிக்கிறார் தெரியுமா? மக்கள் ஈட்டிய பொருள், பெற்றோரை நோக்கி அவர்கள் செய்யும் நல்வினையின் வழியாகப் பெற்றோர்க்கே வந்து சேரும் என்று படிக்கிறார். அதாவது பிள்ளை ஒரு முதலீடு. போட்ட முதல் வட்டியோடு திரும்பவேண்டும். இந்த உலகில் திரும்பாவிட்டால் அந்த உலகிலாவது! டாக்டர் மு. வரதராசனார் போன்ற பிற்கால உரையாசிரியர்கள் அக்குறளை நேராகவே படித்தனர்: மக்களின் பொருள் அவரவர் வினையின் பயனாய் வரும் என்று. வினை என்பதைப் பழம்பிறப்பின் ஊழாகக் கொள்ளாமல் செயல் என்று கொள்வோமானால், குறள் நம்மிடம் சொல்வது வேறொன்றாகிவிடும். உன் பிள்ளை உனக்குச் செல்வந்தான். ஆனால் அவன் அடைவதும் அவள் அடைவதும் அவரவர் கைச்செயலால். அதில் நீ பங்கு கேட்காதே. நடைமுறையில் பெற்றோர்க்கு இதைவிடக் கடினமான பாடம் வேறில்லை. 'உன்னை வளர்க்க நான் பட்ட பாடு' என்று தொடங்காத தந்தையை நான் இதுவரை கண்டதில்லை. என் தந்தையும் விலக்கல்லர்.

அந்த அதிகாரத்தின் நடுவே மூன்று குறள்கள் வெறும் இன்பம் பேசுகின்றன. குழந்தையின் கை பட்ட உணவு, குழந்தையின் மெய் பட்ட தீண்டல், குழந்தையின் மழலை. பயன் பேசவில்லை, கடன் பேசவில்லை, பிறவி பேசவில்லை. பிள்ளை வளர்ப்பின் கைம்மாறு அந்தந்த வேளையிலேயே கைக்கு வந்துவிடுகிறது என்பது போல மூன்று குறள்கள். சிறுகை அளாவிய உணவை வள்ளுவர் 'கூழ்' என்கிறார். உரைகாரர் அதனைச் 'சோறு' என்று எழுதி, விளக்கத்துக்குப் புறநானூற்றின் 188ஆம் பாட்டைத் துணைக்கு அழைக்கிறார். அந்தப் பாட்டை எழுதியவன் ஒரு மன்னன், பாண்டியன் அறிவுடை நம்பி. அரண்மனைக் குழந்தை தளர்நடை நடந்து வந்து, தொட்டும் கவ்வியும் துழாவியும், நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் காட்சி அது. அழகான காட்சிதான், சிறு குழந்தையைக் கூர்ந்து பார்த்த கண்ணல்லாமல் இப்படிப் பாடியிருக்க முடியாது. (அப்பிய நெய்யைக் கழுவிவிட்டவள் யார் என்று பாட்டில் இல்லை. மன்னன் கழுவியிருக்கமாட்டான்.) ஆனால் குறளில் இருப்பது நெய்ச்சோறன்று, கூழ். பண்டைத் தமிழில் கூழ் என்பது பொதுவாக உணவையும் குறிக்கும். அதனை மறைத்து வழக்காட நான் விரும்பவில்லை. என்றாலும் எல்லார் வீட்டு வாசலுக்கும் பொருந்தும் சொல்லை வள்ளுவர் எடுத்தார். உரைகாரர் அதை அரண்மனைப் பந்திக்கு அழைத்துப் போய்விட்டார் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

மழலை பற்றிய குறளில் நமக்கு ஒரு சாட்டையடி இருக்கிறது. குழலையும் யாழையும் இனிது என்பவர் குழந்தையின் மழலையைக் கேளாதவர் என்கிறார் வள்ளுவர். சரி, நாம் கேட்கிறோமா? மூன்று வயது வரை கேட்கிறோம். சொற்களைச் சிதைத்துப் பேசும்வரை வந்தவர் போனவரையெல்லாம் அழைத்துக் கேட்கச் செய்கிறோம். நான்காம் வயதில் அதே வாய் 'ஏன்?' என்று கேட்கத் தொடங்குகிறது. மழை ஏன் பெய்கிறது? பாட்டி ஏன் செத்துப்போனாள்? அவர்கள் ஏன் நம் வீட்டுக்குள் வரமாட்டார்கள்? அந்தக் கணத்தில் நம் இசையார்வம் அடங்கிவிடுகிறது. வாயாடாதே என்கிறோம். பூச்சாண்டி வருவான் என்கிறோம். சாமி கண்ணைக் குத்தும் என்கிறோம். நான்கு வயதுக் குழந்தையின் கண்ணைக் குத்தக் காத்திருக்கும் ஒரு கடவுளைக் கற்பித்து வைத்திருக்கிறோமே, இதைவிடக் கொடிய கற்பனை எந்த நாட்டிலேனும் உண்டா? அவ்வாறு அடக்கப்பட்ட குழந்தை என் வகுப்புக்கு வரும்போது கைகட்டி, வாய்பொத்தி, நல்ல பிள்ளை என்ற பெயரோடு வருகிறது. அந்த வாயைத் திறக்கச் செய்ய ஓராண்டு பிடிக்கிறது. சிலர் திறப்பதே இல்லை. குழந்தையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளிகளில் தடைசெய்தது. வீட்டுக்குள் எந்தச் சட்டம் வரும்?

குழந்தையைப் பாட நம் புலவர்கள் ஒரு தனி இலக்கிய வகையே கண்டார்கள். பிள்ளைத்தமிழ் என்று பெயர். பத்துப் பருவங்கள். முதல் ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது: காப்பு முதல் அம்புலி வரை. எட்டாவதில் பாதை பிரிகிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். அவன் பறை கொட்டுவான், தேர் உருட்டுவான். அவள் கல்லை வீசிப் பிடிப்பாள், ஊஞ்சலில் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுவாள். இதிலும் சிற்றில் பருவத்தை உற்றுப் பாருங்கள். மணல்வீடு கட்டுபவர்கள் சிறுமியர். அதைக் காலால் சிதைக்க வருபவன் தலைவனாகிய சிறுவன். எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று அச்சிறுமியர் அவனிடம் கெஞ்சுவதே பாட்டு. கட்டியவள் கெஞ்சவேண்டும், இடிப்பவனைப் போற்றவேண்டும்! சந்த நயம் சொல்லி, சொல்லழகு சொல்லி இதனை வகுப்பில் நடத்துகிறோம். இடைவேளையில் வெளியே வந்தால் அதே பருவம் ஆடுகளத்தில் உயிரோடு நடக்கிறது. பெண்கள் கோடு கிழித்துப் பாண்டி ஆடும் கட்டத்தை மிதித்து அழித்துவிட்டு ஓடுகிறான் ஒருவன். முறையிட வந்தவளிடம், ஆண்பிள்ளை அப்படித்தான் இருப்பான், நீ ஒதுங்கிப் போ என்று நம்மில் ஒருவரே அறிவுரை சொல்கிறார். அவரும் தமிழ் படித்தவர்.

இவ்வரிசையில் முதன்முதலாக நெம்புகோலை வைத்தவர் என்று நான் கருதுவது பாரதிதாசனை. 1938இல் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுதியில் ஆண் குழந்தைக்கு ஒன்றும் பெண் குழந்தைக்கு ஒன்றுமாக இரண்டு தாலாட்டுகள் உள. அவற்றுள் பெண் குழந்தையின் தாலாட்டு, தொட்டிலில் கிடப்பவளைச் சாதி இருளையும் மூடத்தனத்தையும் பொய்ச் சமயங்களையும் போக்க வந்தவளாக வாழ்த்துகிறது. மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்று காலமெல்லாம் உறவினரைச் சந்தேகித்துக்கொண்டிருந்த தாலாட்டுக்குள் பகுத்தறிவு புகுந்தது அப்போதுதான். குடும்ப விளக்கின் நான்காம் பகுதிக்கு அவர் இட்ட பெயரும் 'மக்கட்பேறு'; புதல்வரைப் பெறுதல் என்று அவர் பெயரிடவில்லை. ஆயினும் நம் கவிஞர் என்பதற்காக மட்டும் எல்லாவற்றையும் ஏற்றுவிடவேண்டியதில்லை. உலகத்தைத் திருத்த வந்தவளையே அன்னத்தின் இறகாலும் அனிச்ச மலராலும் ஆனவள் என்றும் பாடுகிறாரே, அது பழைய பழக்கம். இன்னொன்றும் தோன்றுகிறது. பால்குடி மறவாத குழந்தைக்கு இத்தனை வேலைகளை இப்போதே ஒப்படைக்கலாமா? தாத்தா கொள்ளி வேலையை ஒப்படைத்தார். நாம் கொள்கை வேலையை ஒப்படைக்கிறோம். கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் ஒப்படைக்கும் முறை ஒன்றாக இருந்தால் குழந்தைக்கு அங்கே இடம் எது? நம் இயக்கத் தோழர் பலர் வீட்டில் இந்த இடர்ப்பாட்டை நான் கண்டிருக்கிறேன். மேடையில் பெண்விடுதலை முழங்கிய தந்தை, மகள் தன் துணையைத் தானே தேர்ந்துகொண்டு வந்து நின்றபோது ஒரு திங்கள் பேசாமலிருந்தார். பின்னர்ப் பேசினார், அதுவே நம் இயக்கத்துக்கும் பிறவற்றுக்கும் உள்ள வேறுபாடு என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு திங்கள் அவளுக்குத் திரும்பக் கிடைக்காது.

இவையெல்லாம் ஏட்டுச் சண்டை, இதனால் என்ன பயன் என்று கேட்கும் தோழர்க்கு எண்களால் விடை சொல்கிறேன். 1992இல் தமிழ்நாட்டு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பெண் குழந்தையைக் கொல்லாதே, எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று ஓர் அரசே கேட்க நேர்ந்தது. கருவிலேயே பார்த்து அழிப்பதைத் தடுக்க 1994இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. 2001ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 942 பேர். 2011இல் 943. பத்தாண்டுக்கு ஒரு பெண் கூடியிருக்கிறாள்! சொத்துரிமையைப் பாருங்கள். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டுமென்று தீர்மானம் செய்தது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல், அறுபது ஆண்டுகள் கழித்து. அதுவும் அப்போது திருமணமாகாதிருந்த மகளிர்க்கே பொருந்திற்று. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. மக்கள் என்ற சொல்லிலிருந்து பெண்ணை விலக்கிய உரைகாரர் கையில் கள்ளிப்பால் கிண்ணம் இல்லை. அப்பழியை அவர்மேல் சுமத்தினால் அது அறமன்று. ஆனால் சொல்லில் அவளுக்கு இடமில்லை என்று கற்ற சமுதாயம், பந்தியிலும் பத்திரத்திலும் தொட்டிலிலும் அவளுக்கு இடம் தேடித் தருமா?

பிள்ளை வளர்ப்பைப் பெற்றோர் தலையில் மட்டும் கட்டுவதும் பிழையே. இதனை இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒரு பெண்பாற்புலவர் உணர்ந்திருக்கிறார். பொன்முடியாரின் புறநானூற்று 312ஆம் பாட்டு கடமைகளைப் பங்கிடுகிறது: பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடன், நல்லொழுக்கம் தருவது வேந்தனின் கடன். பாட்டு முடியும்போது அந்த இளைஞன் யானையைக் கொன்று மீள்கிறான். போர்க்காலத்துப் பாட்டு, சான்றோன் என்பதற்கு அங்கே வீரன் என்றும் பொருள் கொள்வர். யானையை நாம் விட்டுவிடலாம். வளர்ப்பு தாய்க்கு, அறிவூட்டல் தந்தைக்கு என்ற பிரிவினையையும் விட்டுவிடலாம். உரைகாரரின் பெண்ணியல்புக்கு விதை அங்கேயே இருக்கிறதோ என்றுகூட ஐயுறுகிறேன். விடக்கூடாதது கொல்லனும் வேந்தனும். ஒரு குழந்தை உருவாக ஊரும் அரசும் கடன்பட்டிருக்கின்றன என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 1920இல் நீதிக்கட்சி சென்னை மாநகராட்சிப் பள்ளியில் குழந்தைகட்கு நண்பகல் உணவிட்டதும், பின்னர்க் காமராசர் காலத்திலும் 1982இலும் அது விரிந்ததும், 2022இல் காலையுணவு சேர்ந்ததும் அந்தக் கடனின் வழிவந்தவையே. காலையில் வயிறு நிரம்பிய பிள்ளை முதல் பாடவேளையில் எப்படி இருக்கிறது என்பதை எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள்.

அவையத்து முந்தியிருக்கச் செய்வது என்ற குறளை இன்று வேறு விதமாகத் திரிக்கும் உரைகாரர்களும் உளர். அவர்கள் நம் காலத்துப் பெற்றோர். முந்தியிருப்பது என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மதிப்பெண் மிகுதி என்பது அவர்கள் உரை. 2017இல் தமிழ்நாட்டு அரசு பொதுத்தேர்வில் முதலிடம் இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. பட்டியல் நின்றது, பட்டியலைத் தேடும் கண்கள் நிற்கவில்லை. தம் மக்களின் அறிவுடைமை தம்மைவிட உலகத்து உயிர்கட்கெல்லாம் இனிது என்று அடுத்த குறளிலேயே வள்ளுவர் சொல்லியிருக்கிறார். உலகுக்கு இனியதாய் இருப்பதுதான் அறிவு; அண்டை வீட்டாரை வயிறெரியச் செய்வதன்று. இந்த இரண்டு குறளும் அடுத்தடுத்து நிற்பதை எண்ணிப் பார்க்கும் பெற்றோர் சிலரேனும் இருந்தால் என் வேலை பாதி குறையும்.

அந்தச் சிறுமிக்கு நான் விடை சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்தில் எழுந்து, போன வாரம் நான் படித்த உரை பிழை, உன் வினாவே சரி என்று சொன்னேன். மணக்குடவர் உரையையும் படித்துக் காட்டினேன். அவள் அதோடு விட்டாளா? "அப்படியென்றால் கேட்ட தாய் என்று ஏன் எழுதினார் ஐயா? தெரிந்த தாய் என்று எழுதியிருக்கலாமே?" என்றாள்.

இந்த வினாவுக்கு எந்த உரையிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆகவே நானே எண்ணிப் பார்த்தேன். தன் பிள்ளை எப்படிப்பட்டது என்று தாய்க்குத் தெரியும். தெரிந்த ஒன்றை ஊரும் சொல்லும்போதுதான் அந்த மகிழ்ச்சி பிறக்கிறது. ஆகவே அக்குறளில் தாயும் மகனும் மட்டுமல்லர், மூன்றாவதாக ஒருவர் மறைந்து நிற்கிறார்: சொல்பவர். அவர் வாய் திறந்தாலன்றித் தாய் கேட்க முடியாது. நம் ஊரில் அந்த மூன்றாமவர் யார்? பெரும்பாலும் ஆசிரியர். நாங்கள் எப்போது பெற்றோரை அழைக்கிறோம்? பாடம் எழுதவில்லை, சண்டையிட்டான், பேசிக்கொண்டே இருக்கிறாள், கட்டணம் வரவில்லை. ஒரு பிள்ளையைப் பற்றி நல்லது சொல்வதற்கென்று மட்டும் ஒரு தாயை நான் பள்ளிக்கு அழைத்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அச்சிறுமியின் தாயைத்தான் முதலில் அழைத்தேன். பின்னலாடை ஆலையில் வேலை; அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அறை வாசலிலேயே நின்றார். முகத்தில் அச்சம் தெரிந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உங்கள் மகள் மன்றத்தில் இரண்டு வினாக்கள் கேட்டாள், இரண்டும் நான் கல்லூரியில் கேட்டிருக்க வேண்டியவை, அறிவுள்ள பிள்ளை என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். இன்னும் ஏதோ வருமென்று காத்திருந்தார். நான் வேறொன்றும் சொல்லாமலிருக்கவே, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"அவ்வளவுதானா ஐயா? வேற தப்பு ஒண்ணும் பண்ணலையே?"